கனிஷ்கா விசாரணை: கடலடித் தடயங்களும் டெல்லி நீதிபதியும்

1985 ஜூன் 23 காலை, அயர்லாந்துக்குத் தென்மேற்கே 31,000 அடி உயரத்தில் வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா 182 விமானம் ஷானன் கட்டுப்பாட்டு நிலையத்தின் ரேடாரிலிருந்து மறைந்தது. விமானிகளிடமிருந்து அபாய அறிவிப்பு எதுவும் வரவில்லை. மாண்ட்ரியலில் கிளம்பி லண்டன் வழியாக டெல்லிக்கும் பம்பாய்க்கும் வரவேண்டிய அந்த போயிங் 747இன் பெயர் 'கனிஷ்கா'. அதிலிருந்த 329 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 131 உடல்களே கிடைத்தன.

இறந்தவர்களில் 268 பேர் கனடியக் குடிமக்கள். விழுந்தது ஐரோப்பாவை ஒட்டிய கடலில். ஆனால் விசாரித்தது டெல்லி. எந்த நாட்டு எல்லைக்கும் உட்படாத கடலில் விமானம் விழுந்தால், அதைப் பதிவுசெய்த நாடே விசாரிக்க வேண்டும் என்கிறது சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு. 1937ஆம் ஆண்டின் விமான விதிகளின்படி, டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி பி.என். கிர்பாலிடம் மத்திய அரசு விசாரணையை ஒப்படைத்தது.

இந்தியாவுக்கு இது முதல் அனுபவம் அல்ல. 1978 ஜனவரி 1 அன்று ஏர் இந்தியாவின் மற்றொரு 747, 'அசோகா', பம்பாயின் பாந்த்ரா கரைக்கு அப்பால் விழுந்து 213 பேர் இறந்தார்கள். அது கரையோரம், ஆழம் குறைந்த நீர். கனிஷ்காவோ ஏறத்தாழ 6,700 அடி ஆழத்தில் கிடந்தது. அவ்வளவு ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டிகளை எடுக்க முடியுமா என்பதே அன்று பெரிய கேள்வி. கடலடித் தொலைபேசி வடங்களைப் பழுதுபார்க்கும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றிலிருந்து 'ஸ்காராப்' என்ற ஆளில்லாக் கருவியை இறக்கி, ஜூலை இரண்டாம் வாரத்தில் இரண்டையும் மீட்டார்கள்.

மீட்ட பெட்டிகள் சொன்னது மிகக் குறைவு. விமானி அறையில் வழக்கமான பேச்சு, திடீரென ஓர் ஓசை, பிறகு ஒன்றுமில்லை. அந்த ஓசையை வைத்தே நிபுணர்கள் முரண்பட்டார்கள். பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் அதில் வெடிப்பின் தடம் தெரிகிறது என்றார்கள். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலுள்ள விமான விபத்துப் புலனாய்வு நிபுணரோ, குண்டுவெடிப்பு என்று அந்த ஓசையைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது என்றார். இதற்கிடையே ஆகஸ்ட் 12 அன்று ஜப்பானில் ஒரு 747, பின்புற அழுத்தத் தடுப்பு பிய்ந்து விழுந்து 520 பேரைப் பலிகொண்டது. கனிஷ்காவும் கட்டமைப்புக் கோளாறால் உடைந்திருக்குமோ என்ற ஐயத்தை அது வலுவாக்கியது. இறக்கையடியில் பழுதான ஐந்தாவது எஞ்சின் ஒன்றைக் கனிஷ்கா சுமந்து வந்ததும் ஆராயப்பட்டது.

விடை உடைந்த பாகங்களிலிருந்து வந்தது. பெரும்பகுதி கடலடியிலேயே கிடக்க, கனடியக் கப்பல் 'ஜான் கேபட்' அவற்றைப் படம்பிடித்து, தேர்ந்த சிலவற்றை மேலே கொண்டுவந்தது. முன்புறச் சரக்கு அறைப் பகுதியின் தகட்டில் துளைகள். அவற்றின் விளிம்புகள் வெளிநோக்கிச் சுருண்டிருந்தன. கனிஷ்கா மறைவதற்கு ஏறக்குறைய 55 நிமிடம் முன்பு, ஜப்பானின் நாரிட்டாவில் வேறொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றவேண்டிய பெட்டி வெடித்துப் பணியாளர் இருவர் இறந்திருந்தார்கள். இரு விமானங்களுக்குமான பெட்டிகள் ஒரே நகரமான வான்கூவரிலிருந்து, உடன் பயணி இல்லாமல் அனுப்பப்பட்டவை. தனியாக எதுவும் போதாத இச்சான்றுகளைச் சேர்த்து எடைபோட்டு, முன்புறச் சரக்கு அறையில் குண்டு வெடித்தது என்று 1986 பிப்ரவரி 26 அறிக்கை முடிவுசெய்தது. ஒலிப்பதிவை மட்டும் நம்பியிருந்தால் அறிக்கை வலுவற்றுப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

காரணத்தைக் காண டெல்லிக்கு எட்டு மாதம் போதுமாயிருந்தது. குற்றவாளிகளைத் தேடிய கனடாவின் வழக்கு இருபதாண்டு இழுத்தது. குண்டு தயாரிப்பில் பங்குகொண்ட இந்தர்ஜித் சிங் ரேயத் மட்டுமே தண்டனை பெற்றார். குற்றம் சாட்டப்பட்ட மற்ற இருவர் 2005இல் விடுதலையானார்கள். கனடிய அரசுத் துறைகளின் தவறுகளை ஜான் மேஜர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2010இல்தான் முழுமையாகப் பதிவுசெய்தது. உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு அது கால் நூற்றாண்டுக் காத்திருப்பு.

டெல்லியில் மாற்றங்கள் முன்பே தொடங்கிவிட்டன. விமானப் பாதுகாப்புப் பணியகம் 1987 ஏப்ரலில் தனித் துறையானது. பயணி ஏறாவிட்டால் அவர் பெட்டியும் ஏறக்கூடாது என்ற விதி உலகெங்கும் இறுகியது. 2012இல் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் நிரந்தர அமைப்பாக உருவானது. 2025 ஜூனில் அகமதாபாத்தில் விழுந்த விமானத்தின் பதிவுகளை அந்தப் பணியகத்தின் டெல்லி ஆய்வகத்திலேயே பிரித்தெடுத்தார்கள். தொழில்நுட்பத்தில் இது பெரும் முன்னேற்றம். ஆனால் எதிரெதிர் நிபுணர்கள் ஒரு நீதிபதி முன் வாதிட்ட முறை இப்போது அரிதாகிவிட்டது. அது பேரிழப்பு என்பது என் கருத்து. முறைசார் விசாரணைக்கு விமான விபத்து விசாரணைக்கான 2017 விதிகளிலும் இடமிருந்தது. அகமதாபாத் விபத்தை ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் விசாரிக்கக் கோரும் மனு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சென்றது. அதைத் தொடுத்தவர்களில் ஒருவர், இறந்த விமானியின் தந்தை.