மில்ச்சின்ஸ்கி, ஃபிரான்

ஃபிரான் மில்ச்சின்ஸ்கி (1867–1932), நீதிபதியாகப் பணியாற்றிய ஸ்லோவீனிய அங்கத எழுத்தாளரும் சிறுவர் இலக்கியப் படைப்பாளியும் ஆவார். அன்று ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்த லோஜ் என்னும் சிற்றூரில் பிறந்து, வியன்னாவில் சட்டம் பயின்று, லியுப்லியானாவில் நீதித்துறையில் பணிபுரிந்தார். இளங்குற்றவாளிகள், கைவிடப்பட்ட சிறுவர்கள் ஆகியோரின் வழக்குகளில் கண்டறிந்த வாழ்நிலைகளை அடிப்படையாகக் கொண்டு, ‘கூடில்லாக் குஞ்சுகள்’ எனப் பொருள்படும் நாவலை 1917இல் வெளியிட்டார். நாட்டார் கதைகளையும் பாடல்களையும் தழுவி அவர் எழுதிய தேவதைக் கதைகள் 1911 முதல் நூல்வடிவம் பெற்றன.

அவருடைய படைப்புகளுள் இன்றளவும் மிகுதியாக வாசிக்கப்படுவது ‘புத்தால்ட்ஸி’ என்னும் கதைவரிசையே. தம்மை அறிவாளிகளாகக் கருதிக்கொள்ளும் மூடர்கள் வாழும் கற்பனையூரைக் களமாகக் கொண்ட இக்கதைகள், உப்பை விதைத்து அறுவடைக்குக் காத்திருத்தல் போன்ற, ஐரோப்பிய நாட்டார் மரபில் பரவலாக வழங்கும் மூடர்கதைக் கூறுகளை எடுத்தாண்டு, ஊராட்சியின் போலிப் பெருமிதத்தையும் அதிகாரத்தின் அசட்டுத்தனத்தையும் எள்ளுகின்றன. சிறுவர் நூலாக வகைப்படுத்தப்பட்டாலும் இவற்றின் கூர்மை பெரியவர்களுக்கே முழுமையாகப் புலப்படும். இவை தனித்தொகுப்பாக அவர் மறைவுக்குப் பின்னர், 1949இல் வெளிவந்தன. ‘யெஜெக்’ என்னும் புனைபெயரால் அறியப்பட்ட நகைச்சுவைக் கலைஞரும் சிறுவர் எழுத்தாளருமான ஃபிரானே மில்ச்சின்ஸ்கி (1914–1988) இவருடைய மகன்.