சிலிக்கான் காலம் முடிஞ்சதா? பினாங்குக்கு என்ன ஆகும்?

"வேகமான கணினிக்கு இனி சிலிக்கான் போதாது." சமூக ஊடகங்களில் இப்படி அடிக்கடி பார்த்திருப்பீங்க. பாயான் லெப்பாஸைப் பொறுத்தவரை இது வேலைவாய்ப்பு சம்பந்தப்பட்ட கேள்வி. 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை பினாங்கில் தொடங்கியது முதல், அங்கே பல குடும்பங்களின் சம்பளம் சிப் தொழிலிலிருந்துதான் வருகிறது.

சிலிக்கானில் என்ன குறை?

காலியம் ஆர்சனைடில் எலக்ட்ரான்கள் சிலிக்கானைவிட சுமார் ஆறு மடங்கு எளிதாக நகரும். அமெரிக்கரான சீமோர் கிரே அதை நம்பித்தான் கிரே-3 சூப்பர் கணினியை உருவாக்கினார். 1993இல் ஒரே ஒரு கணினி ஓர் ஆய்வு மையத்துக்குப் போனது. 1995இல் அவர் நிறுவனமே திவாலானது.

பிறகு எப்படி சிலிக்கான் ஜெயிச்சது?

சிலிக்கானைச் சூடாக்கி ஆக்சிஜன் பட வைத்தால், மேலே தரமான மின்காப்புப் படலம் தானாக உருவாகும். அதனால் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை நெருக்கமாக, மலிவாக அமைக்க முடிந்தது. காலியம் ஆர்சனைடில் அப்படிப்பட்ட படலம் உருவாகாது. எளிதில் உடையும், விலையும் அதிகம்.

அப்போ மாற்றுப் பொருள்கள் எதுக்கு?

கணக்குப் போடும் சிப்புக்கு மின்சாரம் கொடுக்க. செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படும் என்விடியாவின் எச்100 சிப் 700 வாட் வரை இழுக்கும். ஆனால் அதன் உள்ளே தேவைப்படுவது ஒரு வோல்ட் அளவுதான். வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும்போது, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மின்சாரம் சூடாகி வீணாகிறது. சிலிக்கான் கார்பைடும் காலியம் நைட்ரைடும் உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும், வேகமாக ஸ்விட்ச் ஆகும். அதனால் இழப்பு குறைகிறது. சின்னதா இருக்கும் புது ஃபாஸ்ட் சார்ஜர்கள் பலவற்றில் இருப்பதும் காலியம் நைட்ரைடுதான்.

இதில் நம்ம பங்கு என்ன?

பினாங்கின் பக்கத்திலேயே, கெடாவின் கூலிமில், ஜெர்மனியின் இன்ஃபினியன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு ஆலையைத் திறந்தது. முதல் கட்ட முதலீடு 200 கோடி யூரோ.

பினாங்கின் பலமோ சிப்களைப் பொதிவதிலும் சோதிப்பதிலும் இருக்கிறது. எந்தப் பொருளில் செய்தாலும் சிப்பை வெட்டணும், இணைக்கணும், சோதிக்கணும். ஆனால் வேலை அப்படியே இருக்காது. சிலிக்கான் கார்பைடு வைரத்துக்கு நெருங்கிய கடினம் கொண்டது. அதை வெட்டுவதற்கே தனித் திறன் வேண்டும்.

எஸ்.பி.எம். முடித்து இந்தத் துறைக்கு வர நினைக்கிறீங்களா? கோடிங் மட்டும் போதாது. இயற்பியலையும் வேதியியலையும் விட்டுடாதீங்க.