நோட்டரி சான்று

ஆவணத்தில் கையெழுத்திட்டவர் இன்னார் என்பதையோ, நகல் மூலத்தோடு ஒத்திருப்பதையோ அரசு நியமித்த நோட்டரி உறுதிசெய்து முத்திரையிடும் சட்டச் செயல். நோட்டரிகள் சட்டம் (1952), நோட்டரிகள் விதிகள் (1956) ஆகியவற்றால் நெறிப்படுத்தப்படுவது. 5 செ.மீ. விட்டமுள்ள வட்ட முத்திரையில் நோட்டரியின் பெயர், அதிகார எல்லை, நியமித்த அரசு ஆகியவை இருக்கும். அவ்வெல்லை நோட்டரி செயல்படும் இடத்தைக் குறிப்பதே; ஆவணம் செல்லும் இடத்தையன்று. எனவே திருச்சிராப்பள்ளியில் பெற்ற சான்று பிற மாநிலங்களிலும் செல்லும்.

பலரும் கவனிக்கத் தவறும் விலக்கு ஒன்று உண்டு. ஸ்ரீரங்கத்தில் வசிப்பவர், தம் பெங்களூரு வீட்டின் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய மற்றொருவருக்கு அளிக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு நோட்டரி முத்திரை போதாது. பதிவுச் சட்டம் (1908) 33ஆம் பிரிவின்படி சார்பதிவாளர் சான்று தேவை. ஆவணத்தை அயல்நாட்டில் பயன்படுத்துவதற்கு அரசு அளிக்கும் கூடுதல் சான்றான அப்போஸ்டில் முறை இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடப்பில் உள்ளது.