பதமும் எடையும்

மணலூர்பேட்டைப் பக்கம், தென்பெண்ணைக் கரைக் கரும்பு வயல்களையொட்டி வெல்லம் காய்ச்சுகிறவர், பாகில் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார். உருண்டால் கொப்பரையை இறக்கு; இல்லையா, இன்னும் கொஞ்சம் சக்கையைத் தள்ளு. நீர் வற்ற வற்றப் பாகின் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி 115 வரைக்கும், அதற்கு மேலும்கூடப் போகிறது. விரல் பிடிப்பது அடர்த்தியை. கொதிநிலை ஏற்றம் அதே அடர்த்தியின் இன்னொரு முகம். 'அப்பவே நம்மாளுக்குத் தெரிஞ்சதுதானே' என்று மார்தட்டும் நண்பர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு ஒப்பவில்லை.

அவர் கேட்பது, எப்போது இறக்குவது என்று. 1880-களில் பிரான்சில் ரவூலும் ஜெர்மனியில் பெக்மனும் கேட்டது வேறு: கரைந்த பொருளின் மூலக்கூறு எடை என்ன? நீர்த்த கரைசலில் கொதிநிலை ஏற்றம், கரைந்தது என்ன என்று பார்ப்பதில்லை; எத்தனை துகள் என்று மட்டுமே பார்க்கிறது. ஒரு கிலோ தண்ணீரில் 34.2 கிராம் சர்க்கரை போட்டால் ஏறுவது வெறும் 0.05 டிகிரி. அதை அளந்தால் சர்க்கரையின் மூலக்கூறு எடை 342 என்று கணக்கு வந்துவிடும். அளப்பதுதான் பாடு. அதற்காக லைப்சிக்கில் பெக்மன் செய்த வெப்பமானியின் அளவுகோல் மொத்தமே ஐந்தாறு டிகிரிதான். ஒவ்வொரு டிகிரியும் நூறு கூறு. அது உண்மையான வெப்பநிலையைச் சொல்லாது, வேறுபாட்டை மட்டுமே சொல்லும். (சசூர் படித்ததும் லைப்சிக்கில்தான். தொடர்பு தேடி யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.)

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விதி நீர்த்த கரைசலுக்குத்தான். கொப்பரையின் கடைசிக் கட்டத்தில், விதி சொல்வதைவிட ஏற்றம் கூடிப்போகிறது. விரலுக்கு வேலை வருவதோ அங்கேதான்.

அப்படியானால் கணக்குப் பக்கம் முழுக்க வெள்ளைக்காரன் சமாச்சாரமா? அதுவும் இல்லை. சோற்றுப்பைத் தண்ணீரில் போட்டால் ஏற்றம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, மூலக்கூறு எடை 58.5-க்குப் பதில் அதில் பாதியாகத் தெரியும். உப்பு இரண்டு அயனிகளாகப் பிரிகிறது என்று 1887-இல் அர்ரீனியஸ் சொன்னார். ஆனால் ஒரு பகுதிதான் பிரியும் என்றார். முழுவதுமே பிரிந்திருக்கிறது என்று 1918-இல் கல்கத்தாவிலிருந்து எழுதியவர் ஜ்ஞான் சந்திர கோஷ். படிகத்தில்போலவே கரைசலிலும் அயனிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் என்று அவர் போட்ட கணக்குதான் நிற்கவில்லை. 1923-இல் வந்த டிபை–ஹூக்கல் கட்டுரை அவரைப் பெயர் சொல்லி மறுத்துவிட்டுத்தான் மேலே போகிறது.

மறுக்கிற அளவுக்காவது கோஷைப் பொருட்படுத்தினார்கள். கொப்பரையடி ஆளோடு வாதாட யாரும் வரவில்லை, மார்தட்டுகிற நம் நண்பர்கள் உட்பட. பதம் தப்பினால் வெல்லம் கட்டாது, அன்றைய உழைப்பு போச்சு என்பதை அவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.