குழி வெட்டினவனின் கணக்கு



கண் மங்கிய ஈசாக்கு தன் மூத்த குமாரனை வேட்டைக்கு அனுப்பும்போது, வில்லையும் அம்பறாத்தூணியையும் எடுத்துக்கொள்ளும்படி குறிப்பிட்டுச் சொல்லுகிறதை ஆதியாகமம் 27-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறீர்கள். எதைக் கையில் எடுப்பது என்பது அக்காலத்து மனிதருக்குச் சிறிய காரியமல்ல. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் வாழும் நமக்கும் அது சிறிய காரியமல்ல.

பாளையக்காரர் காலத்தில் தென்னாட்டார் வளரி என்னும் வளைந்த எறிதடியைப் போருக்கும் வேட்டைக்கும் பயன்படுத்தினார்கள். 1801-இல் தூக்கிலிடப்பட்ட சிவகங்கைச் சின்ன மருதுவே அதை எறியத் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று கும்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளியான தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தேர்ந்தவர் கையில் அது 100 கஜ தூரத்திற்குள் குறி தவறாது என்பதும் அவருடைய சாட்சி.

இராஜபாளையம் தன் பெயரையே ஒரு வேட்டை நாய்க்குக் கொடுத்த ஊர். வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த நாய் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்பெற்றது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டது.

பழைய வேட்டையில் கொடுமையே இல்லை என்று நாம் சொல்ல முடியாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். வளரியை எறிகிறவன் தன் இலக்கைக் கண்ணால் காணவேண்டும். நாயோடு போகிறவன் அதன் பின்னே ஓடவேண்டும். கூப்பிட்டால் நாய் திரும்பும். எதிரே நிற்பது எது என்று அறிந்து கையை நிறுத்திக்கொள்ள அவனுக்கு ஒரு கணம் இருந்தது. குஞ்சுகளோடிருக்கும் தாய்ப்பறவையைப் பிடியாமல் விட்டுவிடும்படி உபாகமம் 22 கட்டளையிடுகிறது. கண்டு நிறுத்தக்கூடியவனுக்கே அந்தக் கட்டளை பொருந்தும்.

காலம் மாறியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988-இல் நம் மலைகள் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயின. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் உண்டாயிற்று. வேட்டை நின்றது, ஆனால் பன்றிகள் வயலுக்கு வருவது நிற்கவில்லை. கடன் வாங்கிப் பயிரிட்டவன் ஒரே இரவில் விளைச்சலை இழக்கும் வேதனை மெய்யானது. அந்த வேதனையிலே சிலர் வேலிக்கம்பியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். சிலர் சுருக்குக் கம்பி கட்டுகிறார்கள். சிலர் அவுட்டுக்காய் என்னும் வெடியைத் தீனிக்குள் வைக்கிறார்கள்.

இந்தக் கருவிகளுக்குக் கண் இல்லை. வைத்தவன் வீட்டில் உறங்குகிறான், கம்பி விழித்திருக்கிறது. பன்றிக்கு வைத்தது யானையைக் கொல்லும். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துத் தோட்டக்காரரையும் கொல்லும். இவ்விதமான மரணச் செய்திகள் நம் மாநிலத்தில் அரிதானவை அல்ல.

இதைக் குறித்து வேதம் மௌனமாயிருக்கவில்லை. ஒருவன் குழியைத் திறந்து மூடாமல் விட, அதில் பிறனுடைய மாடாவது கழுதையாவது விழுந்து செத்தால், குழிக்கு உடையவன் ஈடுகொடுக்கவேண்டும் என்று யாத்திராகமம் 21:33, 34 தீர்க்கிறது. அவன் மாட்டைக் கொல்ல நினைத்தானா என்று நியாயப்பிரமாணம் கேட்கவில்லை. குழி யாருடையது என்றே கேட்கிறது. “நான் பன்றிக்குத்தான் வைத்தேன்” என்னும் சாக்கு தேவனுடைய நியாயாசனத்திற்கு முன்பாக நில்லாது.

அப்படியானால் பயிரை எதனால் காப்பது? குறிஞ்சி நிலத்தார் தினைப்புனத்தில் பரண் அமைத்து, தட்டையால் ஒலியெழுப்பி, கவண்கல் எறிந்து காவல் காத்தார்கள் என்று சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. இன்று நமக்கு டார்ச் விளக்கும், தகர டப்பாவும், குரைக்கும் நாயும் உண்டு. பயிர்ச்சேதத்திற்கு வனத்துறையிடம் மனுச்செய்து இழப்பீடு பெறவும் வழியுண்டு. இவை யாவும் உறக்கத்தைக் கேட்கும், அலைச்சலைக் கேட்கும். ஒருவன் தனியே சுமப்பது கடினம். ஆகையால் சபையாக முறைவைத்து ஒருவர் வயலில் மற்றவர் காவலிருப்போமாக. மனு எழுதத் தெரிந்த வாலிபர்கள் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுப்பார்களாக.

இந்த வாரம் உங்கள் வேலியைச் சுற்றி நடந்து பாருங்கள். திறந்த குழி ஏதேனும் இருந்தால், பொழுது சாயுமுன் மூடிவிடுங்கள்.

இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குகிறதுமில்லை. அவர் உங்கள் வயலையும், உங்கள் அயலானையும் காப்பாராக. ஆமென்.