எரிந்த ஏடுகளும் எஞ்சிய பெயர்களும்

அயர்லாந்து மக்கள் தம் முன்னோரைத் தேடும் முறையை ஆராய்ந்தபோது என்னை வியக்கவைத்த செய்தி ஒன்றுண்டு.

1922 ஜூன் 30ஆம் திகதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தழிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு குடிசன மதிப்பீடுகளின் ஏடுகளிற் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசாங்கமே முன்னர் அழித்துவிட்டது. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு முன் எந்தக் குடிசையில் யார் வாழ்ந்தார் என்பதை இனி எவ்வாறு அறிவது?

அவர்களை ஆண்ட பிரித்தானியரின் படைக் கணக்கே இங்கு கைகொடுக்கிறது. வறுமையால் ஆயிரமாயிரம் ஐரிஷ் இளைஞர் அப்படையிற் சேர்ந்தனர். இளைப்பாறிய சிப்பாய்க்கு ஓய்வூதியம் வழங்கவேண்டுமே! ஆகவே அவன் பிறந்த ஊர், வயது, தொழில், கண்ணின் நிறம் யாவும் குறிக்கப்பட்டன. கையொப்பமிடத் தெரியாதவன் இட்ட சிலுவைக் குறியையும் அத்தாள்களிற் காணலாம். அவை இன்று லண்டனில், கியூ என்னுமிடத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

படைக்குப் போகாத ஏழைகளின் கதி என்ன? டப்ளினில் 1832இல், டானியல் ஓ'கொனலின் முயற்சியால் திறக்கப்பட்ட கிளாஸ்நெவின் சவக்காலையின் பதிவேடு, நடுகல் நாட்ட வசதியற்றவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

அன்பினால் எழுதப்பட்டவையல்ல இவை. ஊதியக் கணக்குக்கும் புதைகுழிக் கணக்குக்குமாக எழுதப்பட்டவை. ஆயினும், ஓரிடத்திற் குவித்த ஏடுகள் ஒரே நாளில் அழிய, பல இடங்களிற் சிதறிக் கிடந்தவை பிழைத்தன. அவ்வாறு பிழைத்த பிரதிகளைத் திரட்டி, எரிந்த காப்பகத்தைக் கணினியில் மீட்டெழுப்பும் பணி 2022இல் மக்கள் பார்வைக்கு வந்தது. எளியவரின் பெயரும் வரலாறே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமென நான் நினைக்கவில்லை.