ரஃபியன்

1975 ஜூலை 6. நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க் பந்தய மைதானத்தில் இரண்டே குதிரைகள். ஒன்று, அவ்வருஷம் கென்டக்கி டெர்பியில் ஜெயித்த ஆண்குதிரை ஃபூலிஷ் ப்ளெஷர். மற்றது மூன்று வயதுப் பெண்குதிரை ரஃபியன். அதுவரை ஓடிய பத்துப் பந்தயங்களிலும் தோற்காதது. இரண்டின் மீதும் சவாரி செய்த ஜாக்கி வாஸ்க்வெஸ், ரஃபியனையே தேர்ந்தார். நேரில் பார்த்தவர்கள் ஐம்பதாயிரம் பேர்.

பாதி தூரம்கூட ஆகவில்லை. முந்திக்கொண்டிருந்த ரஃபியனின் வலது முன்கால் எலும்பு முறிந்தது. கடிவாளத்தை இழுத்தும் நிற்காமல், முறிந்த காலோடு மேலும் ஓடிற்று. அன்றிரவு அறுவைச் சிகிச்சை. மயக்கம் தெளிகையில், படுத்தபடியே கால்களை உதறி ஓட ஆரம்பித்தது. போட்ட கட்டு சிதைந்தது. விடியுமுன் மருந்து கொடுத்து அதன் உயிரை முடித்தார்கள்.

பந்தயத்தில் பணம் தொலைத்தவனின் வருத்தம் அடுத்த பந்தயத்தோடு தீரும். இந்தத் துக்கம் அப்படித் தீருவதில்லை. அவர்கள் நேசித்தது அதன் ஓட்டத்தை. அதனால் நிறுத்த முடியாமல் போனதும் அதைத்தான். இரண்டில் எது மேல் என்ற கேள்வி குதிரைகளுடையதல்ல, பார்க்க வந்தவர்களுடையது. ஆகவே அழுதவனால் தன்னை வெறும் சாட்சி என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

2006இல் கால் முறிந்த பார்பரோவுக்கு எட்டு மாதம் வைத்தியம் பார்த்தார்கள். ஜனங்கள் பூவும் கடிதமும் அனுப்பினார்கள். 2007 ஜனவரியில் அதையும் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. ஒரு கால் பழுதானால் மற்றக் கால்கள் அரை டன் உடலைத் தாங்கி நோய் கொள்கின்றன. அன்புக்கு அங்கே வேலையில்லை.

ரஃபியனைப் பெல்மாண்டிலேயே புதைத்தார்கள், முகம் வெற்றிக்கோட்டைப் பார்க்க. 2023இல் மைதானத்தைப் புதுப்பிப்பதற்காக எலும்புகளை எடுத்துக் கென்டக்கிக்குக் கொண்டுபோனார்கள்.